மோராக்கின் இருமல்

“மோராக் இருமுவா. விடியறப்போ ஆரம்பிச்சான்னா லேசுல ஓயமாட்டா,” என்றார் கிழவர் ஏங்கஸ், வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தபடி.

ரோரி தலையாட்டிக்கொண்டான். அடுப்பும் கட்டிலும் உள்ளேயே வைத்த பழைய வீட்டு வண்டிகள் குளிரில் இருமத்தான் இருமும். வடக்கு ஸ்காட்லாந்தில் அந்த ஏரிப் பக்கம், வீட்டு வண்டி வைத்திருக்கிறவர்கள் அதற்கு ஒரு பெண் பெயர் வைத்து அவள் இவள் என்றுதான் பேசுவார்கள். ரோரியின் மாமா வண்டிக்கு ஆக்னஸ் என்று பெயர்.

“குடிப்பாளா?” என்று கேட்டான். பெட்ரோல் கவலை அவனுக்கு.

“குடிப்பா. பனிக்காலத்துல ரெண்டு மடங்கு.”

“எங்க மாமாவோட ஆக்னஸும் அப்படித்தான். மேடு ஏறச் சொன்னா நடுவழியில உக்காந்துருவா. பின்னால நின்னு தள்ளணும்.”

“பாவம்யா உங்க மாமா,” என்றார் ஏங்கஸ், சிரிக்காமல்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் செங்கல் அடுக்கிய கை ரோரியுடையது. சொந்தமாக ஒரு கூரை இல்லை. இருந்த வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த வண்டி கிடைத்தால் பனி விழுமுன் அவனும் ஐலாவும் உள்ளே ஏறிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் தெருதான்.

அவன் மனைவி ஐலா அதற்குள் ஏறியே விட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. “அலமாரி இருக்கு, சன்னலைத் திறந்தா ஏரி! நம்ம வீட்டு ஓனர் இப்படி ஒரு சன்னல் வச்சானாய்யா? கூரைதான் ஒழுகுது. ஈர வாடை வேற குடலைப் பிடுங்குது.”

“கூரைக்குத் தார் பூசினா நிக்கும். மூணாவது கியருக்கு மட்டும் கெஞ்சணும்,” என்றார் கிழவர். “ஆனா நீ நிறுத்துற இடந்தான் உன் ஊர். ஒருத்தன் வந்து கதவைத் தட்ட மாட்டான். உள்ள யாருன்னு கேக்க மாட்டான்.”

“அது போதும் பெரியவரே. மோராக் எந்த வருசம்?”

“நாப்பத்தெட்டு.”

வண்டி எந்த வருசத்தது என்பதைக் காட்டும் எண் பலகையின் கடைசி எழுத்து எழுபத்து நாலு என்று சொன்னது. வயசாளி, குழம்பிவிட்டார் என்று ரோரி விட்டுவிட்டான்.

“ஏன் விக்கிறீங்க?”

“தனியா அதுல படுக்க முடியல.” கிழவர் ஏரியைப் பார்த்தார். தூறல் அவர் முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. “போன பனியில ஒரு நாள் இருமல் நிக்கவே இல்ல தம்பி. தலைக்குள்ள சம்மட்டி அடிக்கிற மாதிரி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில நானே அணைச்சுட்டேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல.”

“நல்ல வேளை அணைச்சீங்க. விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும். நான் சரி பண்ணிக்கிறேன்.”

“சரி பண்ணவா?” கிழவர் பதிலுக்குக் காத்திராமல் சாவியை நீட்டினார். “ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கட்டிலுக்குக் கீழ இருக்கிற பெட்டியை ஆணி அடிச்சு மூடியிருக்கேன். அதைத் திறக்காத. நிறுத்தறப்போ கடலைப் பார்த்து நிறுத்து. மோராக்குக்குக் கடல் பிடிக்கும்.”

உளுத்த பலகையை மறைக்கிறார் போலும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ரோரி ஏறி உட்கார்ந்தான். ஒரே திருகலில் இன்ஜின் சீராகக் கிளம்பியது.

பின்னால் கட்டில் மெத்தையில் ஐலா நீட்டிப் படுத்துவிட்டாள். “கால் நீட்டி எத்தனை நாளாச்சுய்யா,” என்றாள்.

ரோரிக்குக் கண் கலங்கியது. ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தான். “என் ராசாத்தி! வா மோராக், நம்ம ஊருக்குப் போகலாம்.”

சன்னலோரம் நின்ற கிழவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“வண்டிக்கு ஏது தம்பி பேரு? மோராக் என் பொண்டாட்டி.”