கைக்குட்டை போட்ட இடம்

தாம்பரத்தில் மின்சார ரயில் புறப்படக் காத்து நிற்கிறது. கணவன் அசரியா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியோடு ஞானஜோதி மூச்சிரைக்கப் பெட்டிக்குள் ஏறுகிறாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் அசரியாவின் டெரிலின் சட்டையில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. கண்ணாடி இல்லாத முகம் கல்யாணப் படத்தில் இருப்பதைப் போல இளசாகத் தெரிகிறது. பக்கத்து இடத்தில், அவள் பூப்போட்டுத் தைத்துக் கொடுத்த கைக்குட்டை சுருக்கமில்லாமல் விரிந்து கிடக்கிறது. வீட்டில் ஈரத்துண்டைக் கட்டிலில் எறிகிற கைதான் இதை இவ்வளவு பதமாக விரித்திருக்கிறது. அவளைக் கண்டதும் அந்தக் கை கைக்குட்டையை எடுக்கப் போய்ப் பாதியில் நிற்கிறது. அவள் உட்காரப் போகிறாள். தினமும் இதே வண்டியில் வருகிற எதிர் இருக்கைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்துகிறார். “அங்க உக்காராதீங்கம்மா. குரோம்பேட்டையில சாரோட வீட்டம்மா ஏறுவாங்க.” மின்விசிறி கடகடக்கிறது. அசரியா முகத்தைத் திருப்பிப் பிளாட்பாரத்தைப் பார்க்கிறான். ஞானஜோதி கைக்குட்டையின் மேலேயே அழுந்த உட்காருகிறாள். வண்டி குலுங்கி நகர்கிறது. கண்ணாடியை அவன் மடியில் போடுகிறாள். “மாட்டிக்கோங்க. உங்க வீட்டம்மா ஏறினா எனக்குக் காட்டணும்ல?”