சுவரில் பால் குடிக்கும் பிள்ளை

படத்தில் இருந்த பிள்ளைக்குப் பால் கிடைக்காது.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிச்சுவர் அது. புதன்கிழமை, தடுப்பூசி நாள். தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சுகளில் பதினைந்து இருபது பெண்கள், மடியில் பிள்ளைகளோடு. அவள் மகளுக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போட்டாகிவிட்டது. காய்ச்சலுக்கான சொட்டு மருந்து வாங்க அவள் கணவன் சுடலைமணி உள்ளே வரிசையில் நின்றான்.

சுவரருகே பொன்னுலிங்கம் வரைந்துகொண்டிருந்தார். கடைப் பலகைகளும் கட்சிச் சுவர்களும் எழுதுகிறவர். இடது கையில் செல்போன். அதில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் தூரிகையை நகர்த்தினார்.

பக்கத்துப் படம் நேற்றே முடிந்திருந்தது. மேலே ‘சுகப்பிரசவம்’ என்று எழுத்து. அப்போதுதான் பிறந்த பிள்ளை, தாயின் நெஞ்சின்மேல்.

இதே கட்டடத்தில்தான் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் மகளை அவள் நெஞ்சிலும் அப்படிப் போட்டார். பதினோரு மணி நேர வலிக்குப் பிறகு. ஈரமாக, சூடாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக.

படத்துப் பெண்ணின் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. தலையில் மல்லிகைப்பூ வேறு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

இப்போது வரைகிற இந்தப் படம்தான் சரியில்லை.

பிள்ளை மல்லாந்து கிடந்தது. தலை மட்டும் திரும்பியிருந்தது. குவிந்த உதடு காம்பின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

முதல் ஐந்து நாள் அவளும் அப்படித்தான் பிடித்தாள். காலண்டர் படங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். காம்பு வெடித்து ரத்தம் வந்தது. மகள் அழுதாள். அவளும் அழுதாள். உனக்குப் பால் ஊறவில்லை என்றார்கள் வீட்டில்.

ஆறாம் நாள் எஸ்தர் சிஸ்டர் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் திருப்பிப் பிடித்தார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் மகள் பால் விழுங்கும் சத்தத்தை அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

இந்தச் சுவரைப் பார்த்து எத்தனை பேர் பிள்ளையைப் பிடிக்கப்போகிறார்கள்.

எழுந்து போனாள்.

“அண்ணாச்சி, இப்படிப் பிடிச்சா பிள்ளைக்குப் பால் வராது.”

பொன்னுலிங்கம் திரும்பிப் பார்த்தார். செல்போனை நீட்டினார்.

“இதுல இப்படித்தான தாயி இருக்கு?”

“வாய் நல்லாப் பெரிசாத் திறந்திருக்கணும். பிள்ளை நாடி மார்போட ஒட்டியிருக்கணும்.”

அவர் சுவரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“எங்க வீட்டுல மூணு பிள்ளைய வளத்துட்டா. ஒருநாளும் நான் நின்னு பாத்ததில்ல.”

மகள் சிணுங்கத் தொடங்கியிருந்தாள். பசி.

அவள் பெஞ்சுகளைப் பார்த்தாள். எல்லாக் கண்களும் அவள்மேல்தான் இருந்தன.

பெஞ்சு ஓரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மகளைத் தன் பக்கம் திருப்பினாள். வயிறும் வயிறும் ஒட்டின.

“பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி.”

மகள் வாயை அகலத் திறந்தாள். பற்றிக்கொண்டாள்.

பொன்னுலிங்கம் கிட்டே வந்து குனிந்தார். தெரியாத எழுத்தை முதன்முதலாக எழுதப்போகிறவரைப் போலப் பார்த்தார். பிள்ளையின் கன்னத்தை. நாடியை. வெளியே மடிந்திருந்த கீழுதட்டை.

பிறகு துணியை நனைத்து, சுவரில் இருந்த பிள்ளையைத் துடைத்தெடுத்தார்.

மறுபடி வரைந்தார்.

“பிள்ளை முதுக நல்லாத் தாங்கிப் பிடிச்ச மாதிரி போடுங்க,” என்றாள் பெஞ்சில் ஒருத்தி.

“அந்தப் பட்டுச் சேலைய மாத்துங்க. பட்டு கட்டிக்கிட்டா யாரு பால் குடுக்கா?” என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

சட்டென்று நின்றது.

வாசலில் சுடலைமணி, கையில் மருந்தோடு.

பொன்னுலிங்கம் தூரிகையைத் தாழ்த்தினார். பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

அவள் கை முந்தானைக்குப் போகவில்லை.

சுடலைமணி நேராக அவளிடம் வந்தான். அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அவன் வழக்கம் அது. பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், எங்கே அவள் பால் கொடுத்தாலும் கையைக் கட்டிக்கொண்டு திரை மாதிரி நிற்பான். ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

இன்றைக்கு அவனுக்கு எதிரே சுவர் இருந்தது.

சுவரில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் பார்த்தான்.

கட்டியிருந்த கைகள் மெல்ல இறங்கின.

திரும்பினான். அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். மகளின் தாடை அசைவதைப் பார்த்தான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான். மூடித் திறக்கும் குட்டி விரல்களைப் பார்த்தான்.

“அண்ணாச்சி,” என்றான், குரலைத் தாழ்த்தி. “உங்க படத்துல பிள்ளை கண்ண மூடியிருக்கு. இவ முழிச்சுப் பாத்துக்கிட்டுல்லா குடிக்கா!”

பொன்னுலிங்கம் சின்னத் தூரிகையைத் தேடி எடுத்தார்.

“எங்கன பாக்குறா?”

சுடலைமணி மகளின் பார்வை போகும் வழியே தன் கண்ணைக் கொண்டுபோனான்.

அது மனைவியின் முகத்தில் போய் நின்றது.

அவன் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுலிங்கம் மறுபடி கேட்டது அவன் காதில் விழவில்லை.