வசிக்கிறோம்

முதல் படியில் அவள் கால் வைத்ததுமே கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

ஹில்க்கா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கையில் துணி மூடிய தட்டு. ஏலக்காய் போட்ட பன் வாசனை.

"விஷயம் தெரியுமா? இன்னிக்கு மத்தியானம் நம்ம கட்டடத்துல திருடன்."

மாடி ஏற வந்தவளுக்குத் தெரியாது. பகல் முழுக்க ஆய்வகத்தில் இருந்தாள்.

"என் வீட்ல ரேடியோ போச்சு. எதிர் வீட்ல லேப்டாப். அப்புறம் மாடி ஏறியிருக்கான்."

மாடியில் இருப்பது ஒரே வீடு. அவளுடையது.

பின்லாந்துக்கு வந்த புதிதில் அம்மா திருநெல்வேலியிலிருந்து போனில் சொன்னாள். "ஏட்டி, தனியா இருக்கேன்னு ஒருத்தர்ட்டயும் வாயத் தொறந்துராத. நாங்கன்னே சொல்லு, என்னா?"

ஆய்வகத்தில் பேசுவது ஸ்வீடிஷ், இந்த நாட்டின் இன்னொரு ஆட்சிமொழி. அதன் வினைச்சொல்லை வைத்து ஆள் ஒன்றா பலவா என்று கண்டுபிடிக்க முடியாது.

கட்டடத்தில் பேசுவது பின்னிஷ். அதில் ஒளிய இடமில்லை. தமிழைப் போலவே வினையின் வாலில் எண்ணிக்கை ஒட்டியிருக்கும். அசுன் என்றால் வசிக்கிறேன். அசும்மெ என்றால் வசிக்கிறோம்.

முதல்நாள் ஹில்க்கா விசாரித்தபோது அவள் அசும்மெ என்றாள்.

பொய் சொன்னதுபோலவே இல்லை. ஊரில் ஒற்றை ஆளும் எங்க வீடு என்றுதானே சொல்கிறார்.

பிறகு கதவில் பெயர்ப்பலகை வைத்தார்கள். இங்கே கதவுக்குக் குடும்பப் பெயர் மட்டும் போதும். அவளுக்கு அப்படி ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தது. அதையே போட்டுவிட்டார்கள்.

இசக்கிமுத்து.

அவள் பத்தாவது படிக்கும்போது இறந்துபோன அப்பா.

ஹில்க்காவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. முழுதாக வாயில் நுழையவில்லை. ஈசாக்கி என்று பாதியிலேயே நிறுத்திக்கொள்வாள். "எங்க மாமா பேரும் ஈசாக்கிதான். அவரும் வெளிய தலைகாட்டவே மாட்டாரு."

"மாடி ஏறினான், அப்புறம்?" என்றாள் அவள்.

"அப்புறம் என்ன? நான் கடைக்குப் போயிட்டு அப்பத்தான் உள்ள நுழையுறேன். உங்க ஈசாக்கி உள்ள இருந்தபடியே ஒரு அதட்டு அதட்டினாரு பாரு. எங்க பாஷை இல்ல. ஆனா திட்டுன்னு நாய்க்குக்கூடப் புரியும். எடுத்த ஓட்டத்துல ஒரு பூட்ஸ விட்டுட்டே போயிட்டான்."

சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள்.

"இது அவருக்கு. நீ தின்னு தீத்துடாத."

உள்ளே யாருமில்லை என்று சொல்லிவிடலாம்.

சொன்னால் போலீஸ் வரும். அறை அறையாகத் தேடும். அவள் தனியாள் என்று கட்டடத்துக்கே தெரிந்துவிடும்.

அதட்டியவரும் இல்லை என்று ஆகிவிடும்.

தட்டை வாங்கிக்கொண்டாள்.

"குடுத்துடுறேன்."

மாடி ஏறினாள். பூட்டு அப்படியே இருந்தது. கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். சத்தமும் இல்லை.

சாவி கையில்தான் இருந்தது.

மணியை அழுத்திவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.