டாக்டரின் உடைந்த பல்

நான் சொல்லப்போவதில் ஒவ்வோர் எழுத்தும் உண்மை. பொய்யென்றால் என் வாயில் இருக்கும் பத்தொன்பது பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். போன வருஷம் இதே சத்தியம் பண்ணியபோது இருபத்தொன்று இருந்தன. அது வேறு விஷயம்.

என் தம்பி மகளுக்கு முன்பல் பாதி உடைந்து மூன்று வருஷம். சைக்கிளிலிருந்து விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வந்தால் கை முந்திக்கொள்ளும். பேசுவதும் கைக்குப் பின்னாலிருந்துதான்.

அப்படிப்பட்டவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"நாற்பது பிள்ளைங்க முன்னாடி இந்த வாயோட நிக்க முடியாது பெரியப்பா. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஏற்கெனவே இரண்டு பல் டாக்டரிடம் போய், நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தவள். ஏனென்று கேட்டால், "அவங்க பல்லு முத்து முத்தா இருக்கு. அவங்க முன்னாடி இதை எப்படித் திறந்து காட்டறது?" என்பாள்.

எனக்குத் தெரிந்த டாக்டரிடம் அந்த முத்துத் தொல்லை கிடையாது. போன வருஷம் நான் கறை எடுக்கப் போனபோது, அவர் பல் என் பல்லை விடப் பழுப்பு. என் பல் சாதாரணப் பழுப்பா? நான் கொட்டாவி விட்டால், பொழுது சாய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் விளக்குப் போடுவார்கள்.

நேரம் கேட்டுப் போன் பண்ணினேன். வரவேற்பு மேசை அம்மா லேசில் விடவில்லை. "எந்தப் பல்லு? எவ்வளவு உடைஞ்சிருக்கு? நேராவா, சாய்வாவா?"

"ஏம்மா, பல்லு கட்டப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை தம்பி மகளை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் உள்ளே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, "வாங்க, உக்காருங்க" என்று பெரிதாகச் சிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழுப்பைக் காணோம். கூடவே முன்பல்லில் முக்கால்வாசியையும் காணோம்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. "என்ன டாக்டர், ஊர் வாயையெல்லாம் அடைக்கறீங்க. உங்க வாசல் திறந்தே கிடக்கு?"

"எங்கங்க, நேரமே கிடைக்கலை."

தம்பி மகள் களுக்கென்று சிரித்தாள். கை, நாற்காலியின் பிடியிலேயே இருந்தது. அந்த உடைசலை மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

டாக்டரும் பார்த்துக்கொண்டார். "இவ்வளவுதானா? என்னுதுக்கு இது எவ்வளவோ தேவலைம்மா."

அவ்வளவுதான். மூன்று வருஷமாகத் தேக்கி வைத்திருந்த கேள்வியெல்லாம் கொட்டியது.

"வலிக்குமா?"

"நரம்பு வரைக்கும் போகலை. ஊசிகூட வேண்டாம்."

"பல்லைப் பிடுங்கிடுவீங்களா?"

"மிச்சத்தையும் ஏம்மா இழக்கணும்? பல்லு நிறத்துல பசை மாதிரி ஒண்ணு வச்சு வளர்த்துடுவேன். நீல வெளிச்சம் காட்டினா கல்லாயிடும்."

"ஒட்டுப் போட்டதுன்னு தெரியுமா?"

பல் மாதிரிகள் வரிசையாகக் கோத்த பட்டை ஒன்றை அவள் உதட்டருகே பிடித்து, ஒவ்வொரு நிறமாக ஒத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். உங்க பெரியப்பா இருக்கறதால ஊருக்கும் தெரியும்."

"எத்தனை வருஷம் வரும்?"

"அஞ்சு, ஏழு. பேனா மூடியைக் கடிச்சா அஞ்சு நாள்."

"அப்புறமா மத்த பல்லை வெளுப்பாக்கிக்கலாமா?"

"ஒட்டு வெளுக்காது. அந்த ஆசை இருந்தா முதல்ல வெளுத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு வந்து ஒட்டிக்கலாம்."

"வேண்டாம் டாக்டர். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கு."

முக்கால் மணி நேரம். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நாக்கால் தடவிப் பார்த்தாள். சிரித்துப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி சிரித்துப் பார்த்தாள். உடைந்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதில் அளப்பு எதுவும் இல்லை.

தெருவில் இறங்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படியொரு கை உள்ள மனுஷன், ஓட்டைப் பல்லோடு நிற்கலாமா? வேறொரு நல்ல பல் டாக்டரைப் பாருங்கள் என்று தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்லிவிடலாம் என்று, அவளை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனேன்.

டாக்டர் கைகழுவும் தொட்டி முன்னால் நின்றிருந்தார். நகத்தால் முன்பல்லை நெம்பினார். மெல்லிசாக ஓர் உறை கழன்று வந்தது. முக்கால்வாசி கறுப்புப் பூசியது. அடியில் முழுப் பல், பாலாடை மாதிரி.

உறையைக் கழுவி ஒரு டப்பாவில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு வாய்கள் கிடந்தன. கோணல், சந்து, சொத்தை, சில்லு. ஓரத்தில் பழுப்பாக ஒரு முழு வரிசை. எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட பழுப்பு.

"உங்களுக்காகச் செஞ்சதுதான்" என்றார் டாக்டர். "உங்களுதை விடப் பழுப்பா நிறம் கலக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"எதுக்கு டாக்டர் இந்த வேஷம்?"

"போன்லயே எல்லாம் கேட்டு எழுதி வச்சுக்கறோம்ல? வர்றவங்களை விட என் வாய் ஒரு படி மோசமா இருந்தாத்தான், அவங்க வாயைத் திறக்கறாங்க."

எழுபத்திரண்டு வயசில் முதல்முறையாக ஒரு டாக்டரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நாற்காலியில் அடுத்து உட்காருகிறவர்களும் வாய் திறக்க வேண்டும். அதனால் விஷயத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மீறிச் சொல்லித்தான் தீரவேண்டுமென்றால், சொன்னது யாரென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.