ஆறாவது குஞ்சு

கடைக்கார மதினிக்கு அங்காயி தரவேண்டிய பாக்கி அறுநூற்று நாற்பது ரூபாய். மதினி வீட்டுத் தாய்க்கோழியை நாய் கவ்விக்கொண்டு போனதில் ஆறு குஞ்சுகள் அநாதையாகிவிட்டன. அங்காயியின் கோழியோ கூமுட்டைகள் மேல் அடைகிடந்தது.

"ஒன் கோழி ஆறையும் சேத்துக்கிட்டா கடனை விட்டுடுறேன். ஒண்ணு செத்தாலும் ஒரு பைசா கொறைக்க மாட்டேன்" என்று மதினி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது மங்கியதும் அங்காயி கோழியின் வயிற்றடியில் கைவிட்டாள். ஒரு முட்டையை உருவியதும் அந்தச் சூடு ஆறுமுன் அங்கே ஒரு குஞ்சை வைத்தாள். ஐந்து மஞ்சள் குஞ்சுகளைக் கோழி பேசாமல் வாங்கிக்கொண்டது. ஆறாவது கறுப்பு. அதைக் கண்டதும் கோழி சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அங்காயி குஞ்சை உள்ளங்கையால் மூடினாள். கொத்தெல்லாம் புறங்கையில் விழுந்தது.

"கையை எடுடி, ரத்தம் வருது!"

"எடுத்தா இது செத்துரும் மதினி."

"கோழியும் ஒன்ன மாதிரியே பிடிவாதம் புடிச்சது."

கொத்து மெல்லக் குறைந்தது. கோழி இறக்கையை விரித்து, குஞ்சோடு அவள் கையையும் சேர்த்து அணைத்துக்கொண்டது.

"சரி, கடன் தீந்துச்சு. எந்திரி" என்றாள் மதினி.

உள்ளங்கைக்குள் குஞ்சின் நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அங்காயிக்குக் கையை எடுக்கப் பயமாக இருந்தது.