ஆறுக்கு மேலே

என் அக்கா மகன் செருப்புக்கடையில் வேலை செய்கிறான். மிச்ச நேரமெல்லாம் போனில் சூதாட்டம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் மனைவி, ஒருநாள் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"டேய், ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா அந்தக் கருமத்தை இன்னையோட விட்டுடணும்."

"போடுங்க மாமா!" என்றான். சூதாடியைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்பானா?

குழந்தையின் விளையாட்டுச் சாமான்களில் ஒரு பகடை இருந்தது. உருட்டினேன். ஆறு. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஆறுக்கு மேல எங்கடா போவ?"

அவன் பகடையைக் காதருகே குலுக்கி, ஊதி, பூப்போல விட்டான். மேலே ஏழு புள்ளிகள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணினேன். ஏழேதான். மற்ற பக்கங்களில் ஒன்று முதல் ஐந்துவரை ஒழுங்காக இருந்தன.

"ஏழு எப்படிங்க வரும்?" என்றாள் அவள்.

"அதான் வந்துடுச்சே! இனி எட்டு எங்க போயிடும்?" என்று அவன் மறுபடி உருட்டினான்.

அவள் பெட்டியைத் தூக்கினாள். "நான் கிளம்பறேன் மாமா."

எழுந்துபோய்த் தடுத்திருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் பகடை இன்னும் உருண்டுகொண்டே இருந்தது.