நாய்க்கு வாய் வரைந்தபோது

முதலில் ஒரு வட்டம், இருபுறமும் தொங்கும் காதுகள், பிறகு கண், மூக்கு, வாய் என்று ரெஜினா டீச்சர் கரும்பலகையில் ஒவ்வொன்றாக வரைய, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே வரைந்துகொண்டு வந்தார்கள். செவ்வந்தியின் நோட்டில் மட்டும் நாயின் வாயிலிருந்து நீளநீளமாகக் கோடுகள் தொங்கின.

“இது என்னடி, தாடியா?”

“எச்சி டீச்சர். எங்க தெரு நாய்க்கு இப்படித்தான் ஒழுகுச்சு. என்னைக் கடிச்ச மறுநாள் செத்துப்போச்சு.”

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எப்பக் கடிச்சுது?”

“பொங்கல் லீவுல.” கணுக்காலில் ஆறிப்போயிருந்த தழும்பைச் சொறிந்துகொண்டே சொன்னாள். “முள்ளு கிழிச்சிருச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இல்லாட்டி தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்களாம்.”

பொங்கல் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். உதட்டருகே கொண்டுபோனதுமே சிறுமியின் கழுத்து வெட்டி இழுத்தது.

“நேத்துலேர்ந்து இப்படித்தான் டீச்சர், தொண்டை அடைக்குது.”

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ரெஜினா டீச்சர் சாலைக்கு ஓடினாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், மடியில் படுத்திருந்த செவ்வந்தி மெதுவாகக் கேட்டாள்.

“ஊசி போடுவாங்களா டீச்சர்?”

தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கத் தொடங்கிவிட்டால் எந்த ஊசியும் கேட்காது. டீச்சரின் சித்தப்பா அப்படித்தான் போனார்.

“இல்லம்மா. இனிமே ஊசியே கிடையாது.”

“நிஜமாவா?” என்று எழுந்து உட்கார்ந்தாள் செவ்வந்தி.